ஞாயிற்றுக்கிழமை இருபத்திரண்டு மைல்

மரதன் ஓட்டப் போட்டியைப் பற்றிப் பேசுவோர் பலர். வெற்றி எல்லையையும் கைதட்டலையும் வாகைமாலையையும் அவர்கள் விரித்துரைப்பர். போட்டிக்குப் பல கிழமைகளுக்கு முன்னரே, பார்ப்பார் எவருமில்லாத பாதைகளில், இரண்டு மணித்தியாலத்துக்கு மேலாக வீரர் ஓடிப் பழகும் நீண்ட ஓட்டத்தைப் பற்றிப் பேசுவோர் சிலரே. இன்று மரதனுக்கு ஆயத்தஞ் செய்வோர் உலகெங்கும் கிழமைக்கு ஒருமுறை இதனை ஒரு நோன்புபோல் மேற்கொள்கின்றனர். ஆயினும் இது மிகப் பழைய வழக்கமன்று. நெடுந்தூரம் ஓட விரும்புபவன் நெடுந்தூரம் ஓடிப் பழகவேண்டும் என்னும் எளிய உண்மை மெய்வல்லுநர் உலகில் வேரூன்ற அறுபது ஆண்டுகளுக்கு மேல் சென்றது. அதற்குத் தடையாய் நின்றது ஓர் அச்சம்.

1896 ஆம் ஆண்டில் ஏதென்ஸ் நகரில் முதலாவது நவீன ஒலிம்பிக் விழா நடைபெற்றபோது மரதன் ஓட்டத்தின் தூரம் ஏறக்குறைய 25 மைல். 1908 இல் இலண்டனில் அது 26 மைல் 385 யார் ஆயிற்று. 1921 இல் அதுவே நிலையான தூரமாக விதிக்கப்பட்டது. அவ்விலண்டன் ஓட்டத்தில் புறப்பட்டோர் 55 பேர். முறைப்படி ஓடி முடித்தோர் 27 பேர் மாத்திரமே. விளையாட்டரங்கினுள் முதலில் நுழைந்த இத்தாலியரான டொராண்டோ பியெற்றி பலமுறை வீழ்ந்து எழுந்து, அலுவலர் துணையோடு எல்லையைக் கடந்தார். அத்துணையே அவருடைய வெற்றியைப் பறித்தது. அக்காட்சியைக் கண்டோருக்கு இவ்வளவு தூரம் ஓடுவது உயிரோடு விளையாடுவதாகவே தோன்றியிருத்தல் வேண்டும். மனிதனுக்கு அளந்து கொடுக்கப்பட்ட வலிமை ஒன்று உண்டு, அதைப் பயிற்சியிலே செலவிட்டால் போட்டிக்கு மிஞ்சாது என்று அந்நாளைய பயிற்றுநர் பலர் எண்ணினர். ஆதலின் நெடுநடையும் இடையிடையே சிறிது ஓட்டமுமே பயிற்சியாக விதிக்கப்பட்டன. மிகுதியாக ஓடுபவனின் இருதயம் கெட்டுவிடும் என்று மருத்துவர் சிலரும் எச்சரித்தனர்.

அவ்வெச்சரிக்கையைக் காதில் வாங்கிக்கொள்ளாத ஒருவர் அமெரிக்காவில் இருந்தார். கிளாரன்ஸ் டிமார் என்பது அவர் பெயர், தொழில் அச்சுக்கோத்தல். வேலைக்குச் செல்லும்போதும் திரும்பும்போதும் ஓடியே செல்வார். 1911 இல் அவரைச் சோதித்த மருத்துவர், இருதயத்தில் ஓசை கேட்கின்றது, ஓட்டத்தை விட்டுவிடுக என்றார். டிமார் அவ்வாண்டே பொஸ்டன் மரதனில் வென்றார். 1930 இல் ஏழாவது முறையாகவும் அதே போட்டியில் வென்றார். 1958 இல் புற்றுநோயால் அவர் இறந்தபின் உடலை ஆராய்ந்தபோது, இருதயத்துக்குக் குருதி கொண்டுசெல்லும் நாடிகள் சாதாரண அளவிலும் இரண்டு மூன்று மடங்கு அகன்றிருக்கக் கண்டனர். எனினும் டிமார் செய்ததை ஒரு விசித்திர மனிதரின் பழக்கமாகவே பலரும் கொண்டனர். தென்னாபிரிக்காவின் நேற்றால் மாகாணத்துக் கமக்காரரான ஆதர் நியூற்றன், நாற்பது வயதை நெருங்கியபின் ஓடத் தொடங்கி, ஐம்பது மைலுக்கு மேற்பட்ட ‘கொம்றேட்ஸ்’ ஓட்டத்தில் ஐந்து முறை வென்றார். அவரும் அவ்வாறே விதிவிலக்காகக் கருதப்பட்டார்.

இதற்கிடையில் வேறொரு முறை செல்வாக்குப் பெற்றது. குறுகிய தூரத்தை விரைவாக ஓடி, சற்றே இளைப்பாறி, மீண்டும் மீண்டும் ஓடுதலே அது. செக்கோசிலோவாக்கியரான எமில் சற்றோபெக் இம்முறையை எவரும் நினையாத அளவுக்கு உயர்த்தி, 1952 இல் ஹெல்சிங்கியில் 5,000 மீற்றர், 10,000 மீற்றர், மரதன் ஆகிய மூன்றிலும் தங்கம் வென்றார். அதன்பின் அம்முறைக்கு மாறாகப் பேசத் துணிந்தோர் மிகக் குறைவு.

துணிந்தவர் ஒரு சப்பாத்துத் தொழிலாளி. நியூசிலாந்தின் ஒக்லாந்து நகரைச் சேர்ந்த ஆதர் லிடியாட் 1917 இல் பிறந்தவர். இளமையில் றகர் ஆடியவர். தம் உடல் திடமானதென நம்பியிருந்தவர். முப்பது வயதை எட்டுமுன் ஒருநாள் தம்மிலும் மூத்த ஒருவரோடு ஐந்து மைல் ஓடினார். மூத்தவர் இலேசாக ஓட, இவருக்கு மூச்சு வாங்கியது. இப்பொழுதே இப்படியாயின் இன்னும் இருபது ஆண்டில் என்னாவேன் என்னும் எண்ணம் அவரை உறுத்தியது. அதன்பின் அவர் செய்தது பெரிய காரியம். பல்கலைக்கழகமோ ஆய்வுகூடமோ துணையின்றி, தம் உடலையே ஆய்வுகூடமாக்கினார். தொழிற்சாலையில் வேலை செய்து, குடும்பத்துக்காகப் பால் விநியோகமும் செய்துகொண்டு, சில கிழமைகளில் 250 மைல் வரை ஓடிப் பார்த்தார். சில கிழமைகளில் மிகக் குறைத்தும் பார்த்தார். கிழமைக்கு 100 மைல் அளவே தமக்கு நற்பயன் தருவதெனக் கண்டார். 1953 இலும் 1955 இலும் நியூசிலாந்து மரதன் வாகையர் ஆனார்.

அயலிலுள்ள இளைஞர் சிலர் அவரிடம் பயிற்சிக்கு வந்தனர். ஞாயிறுதோறும் அவர் அவர்களை அழைத்துச் சென்ற பாதை 22 மைல் நீளமானது. கொழும்பிலிருந்து நீர்கொழும்பு வரையுள்ள தூரத்தை மனத்தில் எண்ணிக்கொள்க. ஆனால் அது கடலோரச் சமவெளியன்று. நகரின் மேற்கேயுள்ள வைற்றாக்கரே மலைத்தொடரில் ஏறக்குறைய ஆயிரம் அடி உயரத்திலுள்ள வையாற்றருவா என்னும் ஊர்வரை ஏறி இறங்கும் பாதை. ஓடும்போது ஒருவரோடொருவர் உரையாடக் கூடியதாய் மூச்சு இருத்தல் வேண்டும் என்பது அவர் வகுத்த அளவு. மரதன் வீரனுக்கு மாத்திரமன்றி, அரை மைல் ஓடுபவனுக்கும் அதே பாதையை அவர் விதித்ததுதான் பலரையும் நகைக்கச் செய்தது. இரண்டு நிமிடத்துக்குள் முடியும் ஓட்டத்துக்கு இரண்டு மணித்தியால ஓட்டம் எதற்கு?

விடை 1960 செப்டெம்பர் 2 ஆந் தேதி உரோமாபுரியில் கிடைத்தது. அன்று பீற்றர் ஸ்னெல் என்னும் 21 வயது இளைஞர் 800 மீற்றர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். ஒரு மணித்தியாலம் செல்லுமுன், றகர் ஆட்டத்தில் காயமுற்று இடக்கை சூம்பிய மறே ஹல்பேர்க் 5,000 மீற்றர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். எட்டு நாள் கழித்து, எதியோப்பியரான அபேபே பிக்கிலா வெறுங்காலோடு வென்ற மரதனில், பரி மகீ வெண்கலம் பெற்றார். மூவரும் லிடியாட்டின் மாணவர். மூவரும் அம்மலைப்பாதையில் ஓடியவர்கள். ஸ்னெல் 1961 டிசம்பரில் முழு மரதனையே 2 மணி 41 நிமிடத்தில் ஓடினார். அடுத்த மாதம் ஒரு மைலை 3 நிமிடம் 54.4 செக்கனில் ஓடி உலக சாதனை நிலைநாட்டினார்.

விஞ்ஞானம் பின்னரே வந்து சேர்ந்தது. தசையிலும் ஈரலிலும் சேமிக்கப்படும் கிளைக்கோஜன் என்னும் மாப்பொருள், பெரும்பாலானோர்க்கு ஏறக்குறைய 20 மைலில் தீர்ந்துவிடும். அப்போது கால்கள் ஈயமாகக் கனக்கும். சுவீடன் நாட்டார் 1960களில் தசைநாரை ஊசியால் எடுத்துச் சோதித்து இதனை விளக்கினர். நீண்ட ஓட்டத்தால் பழகிய உடல் கொழுப்பை எரித்து அச்சேமிப்பைச் சிக்கனஞ் செய்யக் கற்றுக்கொள்கின்றது. தசையில் நுண்குழாய்கள் பெருகுகின்றன. சக்தி பிறக்கும் இழைமணிகளும் பெருகுகின்றன. பிந்தியதை 1967 இல் ஹொலொசி என்பார் அமெரிக்காவில் எலிகளைக் கொண்டு காட்டினார். அரை மைல் வீரனுக்கு ஏன் பயன் என்னும் வினாவை ஆராய்ந்தவருள் ஸ்னெல்லும் ஒருவர். பந்தயங்களினின்றும் விலகியபின் அவர் கல்விக்குத் திரும்பி, கலாநிதிப் பட்டம் பெற்று, டெக்சாஸில் உடற்பயிற்சி ஆய்வாளராகப் பணியாற்றினார். மெதுவாகச் சுருங்கும் நார்கள் களைத்தபின், விரைவாகச் சுருங்கும் நார்களும் வேலைக்கு இழுக்கப்பட்டுப் பயிற்சி பெறுகின்றன என்பது அவர் கூறிய விளக்கம். தம் கால்கள் எழுப்பிய கேள்விக்குத் தாமே விடை தேடும் பேறு எத்தனை வீரருக்குக் கிடைக்கும்!

ஒன்று சொல்லவேண்டும். லிடியாட்டைப் பின்பற்றியோருட் சிலர் நூறு மைல் என்னும் எண்ணை மந்திரமாக்கிக்கொண்டனர். அவரோ மைல் ஓட்டத்தின்பின் மலையேற்றப் பயிற்சியையும், அதன்பின் விரைவோட்டத்தையும் வரிசையாக வைத்தவர். அடித்தளத்தையே வீடென்று எண்ணிக் குடியேறியோர் பின்னர் காலைப் பிடித்துக்கொண்டு இருந்தனரெனின், அது ஆசிரியரின் பிழையாகாது.

இருதயத்தைப் பற்றிய பழைய அச்சத்துக்கும் ஒக்லாந்திலேயே மறுமொழி கிடைத்தது. மாரடைப்புக் கண்டு மீண்டோரையும் லிடியாட் மெதுவாக ஓடத் தூண்டினார். 1962 இன் இறுதியில் அமெரிக்கப் பயிற்றுநரான பில் பவர்மன் அங்கு சென்றபோது, அத்தகையோரோடு ஒரு ஞாயிறு ஓட அழைக்கப்பட்டார். ஐம்பதைக் கடந்த பவர்மன் தம்மைத் திடகாத்திரராகவே கருதியிருந்தார். எழுபது வயதைக் கடந்த, மாரடைப்புக் கண்ட முதியவர் ஒருவர் அவருக்காக வேகத்தைக் குறைத்து, அருகே பேசிக்கொண்டே ஓடிவந்தார். பவர்மனால் பதில் பேச மூச்சில்லை. ஊர் திரும்பிய அவர் ஒறிகன் மாநிலத்தில் பொதுமக்களுக்கு மெதுவோட்டம் கற்பிக்கத் தொடங்கினார். அங்கிருந்து அது அமெரிக்கா முழுவதும் பரவியது. 1967 இல் லிடியாட் பின்லாந்துக்கு அழைக்கப்பட்டார். பின்னர் வேறு பல நாடுகளுக்கும் சென்றார். 2004 டிசம்பரில், 87 வயதில், ஓட்டப் பயிற்சியைப் பற்றி விரிவுரையாற்றும் பயணத்தின் இடையில், டெக்சாஸில் அவர் காலமானார்.