டிபி-303: பம்பாயில் ஒரு முறை, சிகாகோவில் ஒரு முறை

ஆடி மாசம் எங்க வேப்பம்பட்டுத் தெருவில் கூழ் ஊத்தும்போது ஸ்பீக்கர் பெட்டிகளை ஆள் உயரத்துக்கு அடுக்கிவிடுவார்கள். போன ஆடியில் ராத்திரி ஒன்பது மணி வாக்கில் ஒரு பாட்டுக்கு மட்டும் ஜன்னல் கம்பி வேற மாதிரி அதிர்ந்தது. கீழே ஏதோ உறுமுகிற மாதிரி ஒரு பேஸ், மேலே இடி மாதிரி டிரம். விசாரித்தால், பக்கத்து வீட்டுத் தம்பி தன் பழைய லேப்டாப்பில் தானே செய்ததாம். கருவி ஒன்றுகூடக் கிடையாது, எல்லாம் மென்பொருள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "இந்த சவுண்டைக் கண்டுபிடிச்சதே ஒரு இந்தியர்தான் தெரியுமா? 1982லயே!" என்றேன். "அப்போ வெளிநாட்டுக்காரங்க அவரைக் கேட்டுத்தான் செஞ்சாங்களாண்ணா?" என்று கேட்டான். "ஆமா" என்று சொல்லிவிட்டேன். வாட்ஸப்பில் பலமுறை பார்த்த செய்திதான், ஆனால் நான் சரிபார்த்ததே இல்லை. வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தபோதுதான் நான் சொன்னது தப்பு என்று புரிந்தது. அதைத் திருத்தத்தான் இந்தக் குறிப்பு.

கதை ஜப்பானில் ஆரம்பிக்கிறது. ரோலண்ட் நிறுவனம் 1981இல் டிபி-303 என்று ஒரு சின்னப் பெட்டியை வெளியிட்டது. வடிவமைத்தவர் டடாவோ கிகுமோட்டோ. தனியாக கிட்டார் பழகுகிறவருக்குத் துணையாக பேஸ் வாசிக்கத்தான் அது. ஆனால் நிஜ பேஸ் கிட்டார் மாதிரி கொஞ்சமும் ஒலிக்கவில்லை. ஸ்வரங்களைப் பதிவதும் பெரிய தலைவலி. 1984க்குள் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள்.

உள்ளே இருப்பது ஒரே ஒரு ஆசிலேட்டர். அதன் ஒலியை ஒரு ஃபில்டர் வெட்டுகிறது. ஃபில்டர் எங்கே வெட்டுகிறதோ அந்த இடத்தை ரெசோனன்ஸ் குமிழ் தூக்கிக் காட்டும். முழுசாகத் திருப்பினால் கீச்சிடும். இன்னொரு வசதி ஸ்லைடு. ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததுக்குத் தாவாமல் வழுக்கிக்கொண்டு போகும். இந்த இடத்தில்தான் நம்மவர் வருகிறார்.

சரண்ஜித் சிங் பம்பாய் சினிமா இசைக்குழுக்களில் கிட்டார், பேஸ், கீபோர்டு எல்லாம் வாசித்தவர். 303, டிஆர்-808 டிரம் இயந்திரம், ஜூபிட்டர்-8 சிந்தசைசர் மூன்றையும் வைத்துக்கொண்டு, டிஸ்கோ தாளத்தில் பத்து ராகங்கள் வாசித்து 1982இல் ஒரு தட்டு போட்டார். வெளியிட்டது எச்எம்வி. மால்கௌன்ஸ், பூபாலி, யமன், கலாவதி என்று போகும். நம் கணக்கில் இந்தோளம், மோகனம், கல்யாணி, வலஜி என்று வைத்துக்கொள்ளுங்கள். வழுக்கிப் போகிற ஸ்வரம் ராகத்துக்குப் புதுசில்லையே! 303இன் ஸ்லைடு அங்கே பொருந்தி உட்கார்ந்துவிட்டது. ஆனால் தட்டு விற்கவில்லை. மறந்தே போனார்கள்.

சிகாகோவில் நடந்தது வேறு கதை. விற்காத 303கள் பழைய சாமான் விலைக்கு வந்திருந்தன. ஃபியூச்சர் என்ற மூவர் குழு அப்படி ஒன்றை வாங்கி, முறையாக இயக்கத் தெரியாமல் குமிழ்களைத் திருப்பிக்கொண்டே இருந்தது. அந்தக் கீச்சும் உறுமலும் 1987இல் ஆசிட் டிராக்ஸ் என்ற தட்டாக வந்தது. ஆசிட் ஹவுஸ் என்ற வகையே அதிலிருந்து பெயர் பெற்றது. அவர்கள் சிங்கின் தட்டைக் கேட்டார்கள் என்பதற்கு ஒரு சான்றும் இல்லை. நெதர்லாந்துக்காரரான எடோ பவுமன் 2002இல் டெல்லியில் அந்தத் தட்டைக் கண்டெடுத்து, 2010இல் மறுவெளியீடு செய்த பிறகுதான் உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது.

அப்படியானால் 'இந்தியர் கண்டுபிடித்தார்' என்பது? ஒரே இயந்திரம் இரண்டு ஊரில் இரண்டு பேர் கையில் கிடைத்தது. ஒருவர் ராகம் தேடினார். மற்றவர்கள் அது கத்துகிற கத்தலையே பாட்டாக்கினார்கள். சிங்கை முன்னோடி என்று சொல்வதில் எனக்குத் தடையில்லை. ஆனால் சிகாகோ பையன்களின் உழைப்பைப் பிடுங்கி அவருக்கு மாலையாகப் போட வேண்டியதில்லை. அவர் செய்தது என்ன என்பதே அதில் மறைந்துபோகிறது. 2015இல் அவர் காலமானார். அதற்குள் ஐரோப்பிய மேடைகளில் அந்த ராகங்களை மறுபடி வாசித்துவிட்டார் என்பது ஓர் ஆறுதல்.

லேப்டாப்புக்கு இது வந்த வழியையும் சொல்லிவிடுகிறேன். சுவீடனின் புரொப்பெல்லர்ஹெட் நிறுவனம் 1997இல் ரீபர்த் என்ற மென்பொருளை விற்றது. இரண்டு 303, ஒரு 808, எல்லாம் கணினித் திரையில். வாங்க முடியாத இயந்திரம் இப்படித்தான் எல்லார் வீட்டுக்கும் வந்தது. தம்பி செய்கிற உறுமலுக்கு இன்று ஒன்றுக்கு இரண்டு ஆசிலேட்டர். ஒன்றை 110 ஹெர்ட்ஸிலும் இன்னொன்றை 111லும் வைத்தால் இரண்டும் மோதி நொடிக்கு ஒரு முறை ஏறி இறங்கும். மேலே கொஞ்சம் டிஸ்டார்ஷன். டிரம்முக்கு, 200 ஹெர்ட்ஸிலிருந்து 50க்குச் சட்டென்று விழுகிற ஒரு சைன் அலை போதும். அந்த 50 போன் ஸ்பீக்கரில் கேட்காது. கூழ் திருவிழாவில்தான் கேட்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை ஸ்டேஷனில் திருவள்ளூர் வண்டிக்கு நிற்கும்போது அவனைப் பிடித்து, "அன்னைக்கு நான் சொன்னது தப்புடா" என்று முழுக்கதையும் சொன்னேன். தன்னை யாரும் ஏமாற்றியதாக அவனுக்குத் தோன்றவில்லை போல. வண்டி வருவதற்குள் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"அந்த மால்கௌன்ஸ் எங்கண்ணா கிடைக்கும்?"