சந்தா கட்டியவர்களும் மேடை ஏறியவரும்

சென்ற வாரம் கோ. நடேசய்யர் புடவை வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் நுழைந்ததைப் பார்த்தோம். அவர் மனைவி மீனாட்சியம்மாளுக்கு நூல்களில் பெரும்பாலும் ஒரு பத்திதான் கிடைக்கிறது. அது போதாது.

வெளியாள் யாரும் தோட்டத்துக்குள் கூட்டம் போட்டால் துரைமார் அத்துமீறல் வழக்குப் போடும் காலம் அது. 1931இல் அட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை ஐயர் தொடங்கியபோது அம்மாளும் மேடையேறினார். பாரதியின் பாட்டும் பாடுவார், தாமே கட்டிய பாட்டும் பாடுவார். மெட்டு சனங்களுக்குத் தெரிந்ததுதான். சேதி மட்டும் புதுசு. எழுத்துத் தெரியாதவரும் அதை லயத்துக்குக் கொண்டுபோய்ப் பாடலாம். 1939இல் அரசாங்க வேலையிலிருந்த இந்திய நாட்கூலிகளை வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்த ஆண்டே 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற அவரது பாட்டுப் புத்தகம் வந்தது. 'தேசபக்தன்' பத்திரிகை வேலையிலும் அவருக்குப் பங்குண்டு.

ஆனாலும் அவர் லயத்தில் பிறந்தவரல்ல. கணவரோடு சேர்ந்தே அரசியலுக்கு வந்தார். நோர்வூட் பக்கத்து மலைகளில் கொழுந்து பறித்த பெண் அந்த இடத்துக்கு எந்த வழியாக வருவாள்?

வழி இருக்கவில்லை. கொழுந்து மலையில் பெரும்பாலும் பெண்கள். சம்பளத்தில் சங்கச் சந்தாவும் அவர்களுக்கே அதிகம் கழிந்தது. தோட்டக் கமிட்டித் தலைவரோ ஆண். பெண்ணுக்கென்று ஒதுக்கியது மாதர் சங்கத் தலைவி பதவி, அதாவது மே தினத்துக்கு ஆள் சேர்க்கும் வேலை. கொழுந்து நிறுத்து, பிள்ளைக்காம்பராவில் பிள்ளையைத் தூக்கி, விறகோடு வீடு வந்து, அடுப்பு மூட்டி முடிப்பதற்குள் கமிட்டி கூடிக் கலைந்திருக்கும். ஆணுக்குச் சமமான சம்பளமே 1984இல்தான் கிடைத்தது. கமிட்டியில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதை நினைத்தால் அந்தத் தாமதம் ஆச்சரியமில்லை.

பிறகு ஓரிருவர் மாகாண சபைவரை போனார்கள். உள்ளூராட்சியில் பெண்களுக்கு 25 சதவீத ஒதுக்கீட்டோடு 2018 பெப்ரவரியில் தேர்தல் நடந்தது. அம்பகமுவையிலிருந்து பிரிந்த நோர்வூட் பிரதேச சபைக்கு அதுவே முதல் தேர்தல். சட்டம் கட்டாயப்படுத்தியதும், பெண் வேட்பாளரே கிடைப்பதில்லை என்று சொல்லிவந்த கட்சிகளுக்கு எப்படியோ ஆள் கிடைத்தது.

2024 நவம்பரில் நுவரெலியாவில் கிருஷ்ணன் கலைச்செல்வியும் பதுளையில் அம்பிகா சாமுவேலும் வென்றார்கள். மலையகத் தமிழ்ப் பெண்கள் பாராளுமன்றம் போனது அதுவே முதல் தடவை. இருவரையும் நிறுத்தியது தேசிய மக்கள் சக்தி. இத்தனை காலம் சந்தா வாங்கிய சங்கங்கள் அல்ல.

(தொடரும்)