ஜோக்கருக்கு ஒரே ஒரு செல்லோ

சூப்பர் ஹீரோ படம் என்றால் இசை இப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஒரு எழுதாத சட்டத்தைப் போட்டு வைத்தவர் ஜான் வில்லியம்ஸ். 1978-ல் வந்த 'சூப்பர்மேன்' படத்துக்கு லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவை வைத்துக்கொண்டு அவர் போட்ட மெட்டை ஒரு தடவை கேட்டால் போதும், வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் வாய் அதையே முணுமுணுக்கும். ட்ரம்பெட் முழங்கும், மேளம் அதிரும், ஹீரோ பறப்பார். 1989-ல் டிம் பர்ட்டனின் 'பேட்மேன்' வந்தபோது, ராக் இசைக்குழுவில் பாடிக்கொண்டிருந்த டேனி எல்ஃப்மேன் அதே சட்டத்தைக் கொஞ்சம் இருட்டாக்கினார். ஆனாலும் மெட்டு மெட்டுதான், அதையும் முணுமுணுக்க முடியும். (அதே படத்துக்கு ப்ரின்ஸ் தனியாக ஒரு பாட்டு ஆல்பமே போட்டார். அது வேறு கதை.)

இந்தச் சட்டத்தை உடைத்தது கிறிஸ்டோபர் நோலன் கூட்டணி. 2005-ல் 'பேட்மேன் பிகின்ஸ்' படத்துக்கு ஹான்ஸ் ஸிம்மர், ஜேம்ஸ் நியூட்டன் ஹோவர்ட் என்று இரண்டு பெரிய இசையமைப்பாளர்கள் சேர்ந்து உட்கார்ந்தார்கள். இரண்டு பேர் சேர்ந்து பேட்மேனுக்குக் கொடுத்தது எத்தனை சுரம் தெரியுமா? இரண்டே இரண்டு! கீழே ஒன்று, மேலே ஒன்று, அவ்வளவுதான். அது ஒரு முழு மெட்டாக விரியும் என்று காத்திருந்தால், விரியவே விரியாது. "தீம் எங்கே?" என்று சினிமா இசை ரசிகர்கள் பலர் கடுப்பானார்கள். (அந்த ஆல்பத்தில் பாட்டுகளின் பெயரெல்லாம் வௌவால் இனங்களின் லத்தீன் பெயர்கள். நான்காவதிலிருந்து ஒன்பதாவது வரை முதல் எழுத்துகளை மட்டும் சேர்த்துப் படித்தால் 'பேட்மேன்' என்று வரும். உட்கார்ந்து யோசிப்பாங்களோ!)

ஆனால் உண்மையான கலாட்டா 2008-ல் வந்த 'தி டார்க் நைட்' படத்தில்தான். இந்தத் தடவை வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். நல்லவனாக இருந்து கெட்டுப்போகும் ஹார்வி டென்ட்டுக்கு ஹோவர்ட். அவர் கொடுத்தது அழகான, முறையான ஆர்கெஸ்ட்ரா இசை. ஜோக்கருக்கு ஸிம்மர்.

ஸிம்மரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 'லயன் கிங்' படத்துக்கு ஆஸ்கர் வாங்கியவர் என்றுதான் பலருக்கும் அவரைத் தெரியும். ஆனால் 1957-ல் ஜெர்மனியில் பிறந்த அவர் முறைப்படி சங்கீதக் கல்லூரியில் படித்து வந்தவர் கிடையாது. சின்தசைசரும் கையுமாக லண்டனில் பாப் குழுக்களோடு சுற்றிக்கொண்டிருந்தவர். 'தி டேம்ன்ட்' என்ற பங்க் இசைக்குழுவோடு வேலை பார்த்திருக்கிறார். ஜோக்கரின் இசையைப் பற்றிப் பேசும்போது அவர் எடுத்துச் சொன்னதும் எந்த சிம்பொனி மேதையையும் அல்ல, இந்த பங்க் நாட்களையும் 'க்ராஃப்ட்வெர்க்' என்ற ஜெர்மன் எலக்ட்ரானிக் குழுவையும்தான். இதைத் தெரிந்துகொண்டு கேட்டால் ஜோக்கரின் இசை அவ்வளவு விநோதமாகத் தெரியாது.

அவருக்கு வேண்டியிருந்தது, கேட்பவனுக்குப் பிடிக்காமல் போகும் ஒரு சத்தம். செல்லோ என்பது வயலினுக்கு அண்ணன் மாதிரி, காலிடுக்கில் வைத்து வாசிக்கும் பெரிய வாத்தியம். மார்ட்டின் டில்மன் என்ற செல்லோ கலைஞரை வைத்து ஒரே ஒரு சுரத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்க வைத்தார். மெதுவாக, மிக மெதுவாக அந்தச் சுரம் மேலே ஏறும். அடுத்த சுரத்துக்குப் போய்ச் சேருமா சேராதா என்று இழுத்துக்கொண்டே இருக்கும். தந்திகளில் பிளேடை வைத்து உரசியும் சத்தம் எடுத்தார்கள். நம் ஊரில் அறுவை ஜோக் சொன்னால் 'பிளேடு போடாதே' என்போம். இவர்கள் நிஜமாகவே போட்டிருக்கிறார்கள் :)

இப்படிப் பரிசோதனையாகச் சேர்த்தது மட்டும் சுமார் 9000 பார் நீளமுள்ள இசை. அதையெல்லாம் ஒரு ஐபாடில் போட்டு நோலனிடம் கொடுத்துவிட்டார்கள். படப்பிடிப்புக்காக ஹாங்காங் போகும் விமானத்தில் நோலன் அதைக் கேட்டுக்கொண்டே போனாராம். அவ்வளவு சுகமான பயணமாக இருக்கவில்லை என்று பிறகு அவரே சொன்னார். அந்தக் குவியலிலிருந்து ஜோக்கரின் சத்தத்தைப் பொறுக்கியெடுத்தார்கள்.

இதற்கு நடுவில் 2008 ஜனவரி 22 அன்று ஜோக்கராக நடித்த ஹீத் லெட்ஜர் இறந்துபோனார். வயது 28. ஸிம்மருக்குக் கை நடுங்கியிருக்கிறது. இறந்துபோன ஒரு இளைஞனுக்குப் பின்னால் இப்படி ஒரு குரூரமான சத்தத்தை ஓடவிடுவதா? எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு வழக்கமான இசையாக வேறொன்று எழுதிவிடலாமா என்று யோசித்திருக்கிறார். கடைசியில், லெட்ஜர் திரையில் கொண்டுவந்த அந்தத் தீமையை மழுப்பினால் அதுதான் அவருக்குச் செய்யும் துரோகம் என்று முடிவு செய்து அப்படியே விட்டார். என்னைக் கேட்டால் இந்தப் படத்தின் இசை வரலாற்றில் முக்கியமான இடம் இதுதான். பிளேடு, ஐபாடெல்லாம் சுவாரசியமான தகவல்கள். ஆனால் துக்கத்தில் இருக்கும்போது இசையை இனிப்பாக்காமல் விடுவதற்குத்தான் தைரியம் வேண்டும்.

படம் ஆரம்பிக்கும்போதே, நீல நெருப்பிலிருந்து வௌவால் வெளிவரும் நேரத்தில், அந்தச் சத்தம் தொடங்கிவிடுகிறது. நீதிபதி, போலீஸ் கமிஷனர், டென்ட் மூன்று பேரையும் ஒரே சமயத்தில் ஜோக்கர் குறிவைக்கும் காட்சியைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். மூன்று இடத்துக்கும் மாறி மாறி காமிரா ஓட, அந்த ஒரே சுரம் மட்டும் ஏறிக்கொண்டே போகும். அதை அணைத்துவிட்டால் காட்சியில் பாதி உயிர் போய்விடும். ரீரெக்கார்டிங் என்பது காட்சிக்குப் பூச்சு வேலை என்று நினைப்பவர்கள் இந்த இடத்தைத்தான் பார்க்க வேண்டும்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. 2008 நவம்பரில் இந்த இசை ஆஸ்கர் போட்டிக்கே தகுதி இல்லை என்று செய்தி வந்தது. காரணம் க்யூ ஷீட். படத்தில் எந்த இடத்தில் எவ்வளவு நேரம் எந்த இசை வருகிறது, அதை யார் எழுதினார்கள் என்று குறித்துக் கொடுக்கும் பட்டியல் அது. படம் டிவியில் ஓடும்போது ராயல்டி யாருக்குப் போகும் என்பதை இந்தத் தாள்தான் தீர்மானிக்கும். அதில் ஸிம்மர், ஹோவர்ட் தவிர இன்னும் மூன்று பெயர்கள்: இசைத் தொகுப்பாளர் அலெக்ஸ் கிப்சன், சூழல் சத்தங்களை உருவாக்கிய மெல் வெஸ்ஸன், உடன் எழுதிய லார்ன் பால்ஃப். கூட வேலை செய்தவர்களுக்கும் காசு போகட்டும் என்று போட்ட பெயர்கள். ஐந்து பேர் சேர்ந்து எழுதியது எப்படி ஒருவருடைய படைப்பாகும் என்பது அகாதமியின் கேள்வி.

கேள்வியில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். விருது என்று வந்தால் யாராவது ஒருவர் கையில்தான் கொடுக்க வேண்டும். ஆனால் இந்த மாதிரி இசையில் எழுதியது எது, வாசித்தது எது, ஒலிப்பதிவில் செய்தது எது? காகிதத்தில் எழுதினால் ஜோக்கரின் இசை ஒரு சுரம், கொஞ்சம் பக்கத்தில் இன்னொன்று. அதை ஜோக்கராக மாற்றியது டில்மனின் வில்லும், பிளேடும், கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அதைத் திரித்தவர்களும். பெயர் போடாமல் அமுக்கியிருந்தால் சிக்கலே வந்திருக்காது. நேர்மையாகப் பெயர் போட்டதால் வந்த வம்பு இது. முக்கியமான வேலை ஸிம்மரும் ஹோவர்டும் செய்ததுதான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகு, டிசம்பரில் அகாதமி முடிவை மாற்றிக்கொண்டது.

போராடி உள்ளே வந்தும் பலனில்லை. 2009 ஜனவரி 22, சரியாக லெட்ஜர் இறந்து ஒரு வருடம். அன்று வெளியான பரிந்துரைப் பட்டியலில் லெட்ஜர் இருந்தார், 'தி டார்க் நைட்' இசை இல்லை. அதே இசைப் பிரிவில் ஹோவர்ட் இருந்தார், 'டிஃபையன்ஸ்' என்ற வேறு படத்துக்கு. பழைய பேட்மேன் எல்ஃப்மேனும் இருந்தார், 'மில்க்' படத்துக்கு! கடைசியில் அந்த விருதை வாங்கியது யார் என்று நமக்குச் சொல்லத் தேவையில்லை. 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்துக்காக நம்ம ஏ.ஆர்.ரஹ்மான். கேசட் உறையிலேயே புல்லாங்குழல் யார், கிடார் யார் என்று வாசித்தவர்களின் பெயரைப் போடும் வழக்கத்துக்குப் பேர் போனவர் அவர். அதனால் அந்த வருடத்துக்கு இது பொருத்தமான முடிவுதான் என்று எனக்குத் தோன்றும். டார்க் நைட் இசைக்கு கிராமி கிடைத்தது.

ஜோக்கருக்கு ஆஸ்கர் இசை விருது வந்து சேர 2020 பிப்ரவரி ஆனது. படம் 'ஜோக்கர்', இசையமைத்தவர் ஐஸ்லாந்துப் பெண் ஹில்டுர் குத்னடோட்டிர். அவரும் செல்லோ கலைஞர்தான்! திரைக்கதையைப் படித்துவிட்டு, படப்பிடிப்புக்கு முன்பே அவர் இசையை எழுதிக் கொடுத்துவிட்டார். முதல் கொலைகளைச் செய்துவிட்டு வாக்கீன் ஃபீனிக்ஸ் கழிவறைக்குள் ஓடி வரும் காட்சியில், திரைக்கதைப்படி நடனமே கிடையாது. என்ன செய்வதென்று தெரியாமல் நின்றபோது, இயக்குநர் டாட் ஃபிலிப்ஸ் அந்தச் செல்லோவைப் போட்டுக் காட்டினார். ஃபீனிக்ஸ் மெதுவாக ஆட ஆரம்பித்தார்.