குழாயும் வாளியும்: சிங்கப்பூர் நகரம் கற்ற பாடம்



ஒரு நகரத்தின் வரலாறு என்றதும் நமக்கு நினைவுக்கு வருபவை கோட்டைகளும், ஆளுநர்களும், அவர்களுடைய சிலைகளுமே. ஆனால், அந்நகரத்து மக்கள் நலமாக வாழ்வார்களா, நோயில் மடிவார்களா என்பதை முடிவு செய்பவை பெரும்பாலும் மண்ணுக்கு அடியில் கிடக்கின்றன. குடிக்கும் நீர் எங்கிருந்து வருகிறது? கழிவு எங்கே போகிறது? தீப்பிடித்தால் அணைக்க நீர் உண்டா? இந்த மூன்று கேள்விகளுக்கும் சிங்கப்பூர் எவ்வாறு விடை தேடியது என்பதை இன்று பார்ப்போம்.

1819இல் ராபிள்ஸ் வந்து இறங்கிய பிறகு அந்தச் சிற்றூர் வேகமாக வளர்ந்தது. 1860ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அங்கே 80 ஆயிரம் பேருக்கு மேல் இருந்தனர். இவ்வளவு பேருக்கும் கிணறுகளும் ஓடைகளுமே கதி. ஆன் சியாங் மலையடியிலிருந்து மாட்டு வண்டிகளில் தண்ணீர் கொண்டு சென்று விற்றார்கள். 'தண்ணீர் வண்டி' என்று பொருள்படும் கிரேத்தா ஆயர் என்ற மலாய்ப் பெயர் இன்றும் அந்த வட்டாரத்துக்கு இருக்கிறது. நம் இந்தியச் சலவைத் தொழிலாளர் துணி துவைத்த ஓடைக்கரைக்கு டோபி காட் என்ற பெயர் நிலைத்தது. இரண்டு பெயர்களும் குழாய் இல்லாத காலத்தின் சாட்சிகள்.

தீப்பிடித்தால் என்ன செய்தார்கள்? 1830இல் கடைவீதியில் பெருந்தீ மூண்டபோது ஊரில் ஒரு தீயணைப்பு வண்டிகூட இல்லை. பிற்காலத்தில், மதராஸ், வங்காளம் முதலிய இடங்களிலிருந்து நாடு கடத்தப்பட்டு வந்த இந்தியக் கைதிகளே தீயணைக்கவும் அனுப்பப்பட்டார்கள்.

1857இல் டான் கிம் செங் என்ற சீன வணிகர், நகரத்துக்கு நல்ல தண்ணீர் கொண்டு வருவதற்காக 13,000 வெள்ளி நன்கொடை வழங்கினார். அன்று அது பெருந்தொகை. ஆனாலும் வேலை நகரவில்லை. 1864இல் அவர் காலமானார். தாம்சன் சாலை நீர்த்தேக்கம் கட்டி முடிந்தது 1868இல்தான். அப்போதும் தண்ணீர் ஊருக்குள் வரவில்லை. நீரை இறைத்துத் தள்ளும் இயந்திரங்களும், தெருக்களுக்குப் பகிர்ந்து கொடுக்கும் குழாய்களும் தயாராக இல்லை. அவை அமைந்தது 1870களின் இறுதியில்.

இந்த இடைவெளியில் நடந்ததைக் கவனியுங்கள். 1873இல் காலரா பரவி நூற்றுக்கணக்கானோரைப் பலி கொண்டது. அசுத்த நீரே காலராவைப் பரப்புகிறது என்பதை லண்டனில் டாக்டர் ஜான் ஸ்நோ 1854லேயே எடுத்துக் காட்டியிருந்தார். சிங்கப்பூரிலோ பணம் கொடுக்கப்பட்டிருந்தது, அணையும் கட்டப்பட்டிருந்தது. குழாய் மட்டும் இல்லை. பாதியில் நின்ற வேலைக்கு ஏழை மக்கள் உயிரைக் கொடுத்தார்கள்.

குழாய் வந்தபின் மாற்றம் தெரிந்தது. மேட்டின் மீது நீரைத் தேக்கி வைத்தால், அது தன் எடையாலேயே குழாயில் வேகமாகப் பாயும். ஆகவே எமிலி மலை, பெர்ல்ஸ் மலை போன்ற மேடுகளில் தொட்டிகள் கட்டினார்கள். அந்த வேகம் இருந்தால்தான் தெருவோரத் தீயணைப்புக் குழாய்க்கும் பயன் உண்டு. 1888இல் முறையான தீயணைப்புப் படை அமைந்தது. 1909இல் ஹில் ஸ்திரீட்டில் மத்திய நிலையம் திறக்கப்பட்டது. நகராண்மைக் கழகப் பொறியாளர் மெக்ரிச்சி பழைய நீர்த்தேக்கத்தைப் பெரிதாக்கினார். இன்று அது அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

ஆனால் நேயர்களே, கழிவின் கதை வேறு. குழாய் வந்துவிட்டது, வாளி போகவில்லை. மனிதக் கழிவை வாளிகளில் எடுத்துத் தோளில் சுமந்து சென்றார்கள். தோட்டங்களுக்கு உரமாக விற்றதால் அதில் சிலருக்கு வருமானமும் இருந்தது. பாதாளச் சாக்கடை அமைக்கப் பெருஞ்செலவு ஆகும். அதற்கு வீட்டுவரியை உயர்த்த வேண்டும். வீடுகளின் சொந்தக்காரர்கள் அதை விரும்பவில்லை. ஊரும் தாழ்வான கடலோர நிலம். கழிவுநீர் தானாக ஓடாது. இயந்திரம் வைத்து இறைக்க வேண்டும்.

1906இல் பேராசிரியர் சிம்ப்சன் என்ற சுகாதார நிபுணர் வரவழைக்கப்பட்டார். கடைவீடுகள் முதுகோடு முதுகு ஒட்டி நிற்பதையும், காற்றும் வெளிச்சமும் இல்லாத அறைகளில் மக்கள் அடைந்து கிடப்பதையும் அவர் கண்டார். பின்பக்கம் வழியில்லாததால் மலவாளியை வாசல் வழியாகவே தூக்கி வர வேண்டியிருந்தது. வீடுகளுக்குப் பின்னே சந்து அமைக்கச் சொன்னார் அவர். வாளி போகவும், காற்று வரவும், தீ ஒரு வரிசையிலிருந்து மற்ற வரிசைக்குத் தாவாமல் தடுக்கவும் அந்த ஒரே சந்து உதவும். 1910களில் அலெக்ஸாண்ட்ரா சாலையில் முதல் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையமும் எழுந்தது.

தண்ணீர் போரின் முடிவையும் பாதித்தது. ஜொகூரிலிருந்து வந்த குழாய் பாலத்தோடு சேர்ந்து 1942 ஜனவரி 31இல் தகர்க்கப்பட்டது. குண்டுவீச்சில் நகரின் குழாய்களும் உடைந்து, நீர் தெருவில் ஓடி வீணாயிற்று. பிப்ரவரி 15இல் பிரிட்டிஷ் படை சரணடைந்ததற்குத் தண்ணீர்த் தட்டுப்பாடும் ஒரு காரணம்.

போருக்குப் பிறகும் புறநகர்க் கம்பங்களுக்கு விடிவு உடனே வரவில்லை. 1961 மே 25இல் புக்கிட் ஹோ சுவீ கம்பத்தில் தீப்பிடித்தது. அத்தாப்புக் கூரைகள், பலகைச் சுவர்கள், குறுகிய சந்துகள். நால்வர் மாண்டனர், ஏறக்குறைய 16 ஆயிரம் பேர் வீடிழந்தனர். அவர்களுக்காக அடுக்குமாடி வீடுகள் எழுந்தபோது குழாய், கழிவறை, வண்டி நுழையும் அகலமான சாலை மூன்றும் சேர்ந்தே வந்தன.

கடைசி மலவாளி எப்போது மறைந்தது தெரியுமா? 1987 ஜனவரியில். குழாய் நீர் வந்து நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகு! அத்தனை காலமும் அதைச் சுமந்தவர்களில் பெரும்பாலோர் சீனத் தொழிலாளர்கள். சாலை போடவும், குப்பை அள்ளவும், கால்வாய் சுத்தம் செய்யவும் உழைத்தவர்களில் தமிழர்கள் ஏராளம். இவர்களில் எவருக்கும் சிலை இல்லை. டான் கிம் செங்குக்காவது 1882இல் ஒரு நீரூற்று எழுப்பினார்கள்.

2003 முதல், பயன்படுத்திய நீரையே தூய்மையாக்கி, 'நீவாட்டர்' என்ற பெயரில் சிங்கப்பூர் வழங்கி வருகிறது. ஒரு காலத்தில் ஊர் முகம் சுளித்து ஒதுக்கிய கழிவுநீரே இன்று அதன் நீர்வளங்களில் ஒன்று.

குடிநீர், கழிவுநீர், தீப்பாதுகாப்பு என்ற மூன்றையும் தனித்தனி வேலையாகப் பார்க்கும் ஊர், ஒன்றைச் செய்துவிட்டு மற்றதைத் தள்ளிப் போடும். தள்ளிப் போட்ட செலவு கணக்கேட்டில் தெரியாது. அதை யாரோ ஒரு குடும்பம் நோயாகவும் சாவாகவும் கட்டிக்கொண்டிருக்கும். உங்கள் ஊரில் ஒரு வாய்க்கால் வெட்டவோ, ஒரு குழாய் பதிக்கவோ பேச்சு எழும்போது, அது எப்போது முடியும் என்று கேளுங்கள். முடியும்வரை விடாமல் கேளுங்கள்.