ஆறு பெயர்ந்தபோது

நாடுகளுக்கு எல்லை வகுப்போர் ஆற்றைப் பெரிதும் விரும்புவர். மதில் எழுப்ப வேண்டியதில்லை. எவரும் கண்ணாற் காணலாம். இயற்கையே வகுத்த எல்லை என்று கூறிவிடவும் கூடும். ஆயின், வண்டல் நிலத்தினூடே ஓடும் ஆறு நிலைத்து நிற்பதன்று. ஒரு கரையை அரித்து மறுகரையைப் பெருக்கும். பெருவெள்ளத்திற் புதுவழியே காணும். அவ்வேளை எல்லையும் ஆற்றோடு செல்லுமா, அன்றிப் பழைய படுகையிலேயே நிற்குமா? அமெரிக்க ஐக்கிய நாடுகளும் மெக்சிக்கோவும் இவ்வினாவுக்கு விடைகாண ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு சென்றது.

போரில் தோல்வியுற்றுப் பரந்த நிலப்பரப்பை இழந்த மெக்சிக்கோ 1848இற் கையொப்பமிட்ட உடன்படிக்கை, ரியோ கிறாண்டே ஆற்றின் நடுவை எல்லையாக்கிற்று. ஆற்றுக்கு வடக்கே ரெக்சாசின் எல் பாசோ நகரும், தெற்கே இன்று ஹுவாரெஸ் எனப்படும் நகரும் அமைந்தன. ஆறோ தெற்கு நோக்கி நகர்ந்துகொண்டே இருந்தது. 1864ஆம் ஆண்டு வெள்ளம் அந்நகர்வை விரைவுபடுத்திற்று. மெக்சிக்கோவுக்குரியதாயிருந்த சாமிசால் என்னும் நிலம், ஏறத்தாழ 600 ஏக்கர், ஆற்றின் வடகரையிற் சேர்ந்துவிட்டது. எல் பாசோ நகரம் அதன்மீது பரந்து வளர்ந்தது.

1884ஆம் ஆண்டு உடன்படிக்கை ஒரு விதியைக் கூறிற்று: ஆறு படிப்படியாகக் கரையை அரித்து நகர்ந்தால் எல்லையும் உடன்செல்லும், திடீரென வழிமாறினால் எல்லை பழைய இடத்திலேயே நிற்கும். விதி தெளிவானதே. ஆனால் சாமிசாலில் நிகழ்ந்தது எவ்வகை மாற்றம்? கனடா நாட்டுச் சட்டவறிஞர் ஒருவரின் தலைமையிற் கூடிய நடுவர் குழு 1911இற் தீர்ப்பளித்தது. 1864ஆம் ஆண்டு வெள்ளத்துக்கு முன் சேர்ந்த நிலம் அமெரிக்காவுக்கு, எஞ்சியது மெக்சிக்கோவுக்கு என்பது அதன் முடிவு. நிலத்தைக் கூறுபோடும் அதிகாரம் குழுவுக்கில்லை என்றும், 1864ஆம் ஆண்டின் ஆற்றுப்படுகையை இனிக் கண்டறிய இயலாது என்றும் கூறி அமெரிக்கா அத்தீர்ப்பை ஏற்க மறுத்தது. வலிய நாடு மறுத்தபின் அதனை நிறைவேற்றுவிப்பார் எவருமிலர். அரை நூற்றாண்டு இவ்வாறே கழிந்தது.

கியூபப் புரட்சியின் பின்னரே வாஷிங்டனுக்கு இலத்தீன் அமெரிக்காவின் நல்லெண்ணம் அவசரத் தேவையாயிற்று. 1962இல் ஜனாதிபதிகள் கென்னடியும் லோப்பெஸ் மாத்தேயோசும் பேசினர். 1963 ஓகஸ்டில் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. 1911ஆம் ஆண்டுத் தீர்ப்பே அதற்கு அடிப்படை. எனினும் ஆறே எல்லையாகத் தொடரவேண்டுமென இரு நாடுகளும் விரும்பின. ஆகவே ஆற்றையே பெயர்த்தனர். ஏறக்குறைய 7 கிலோமீற்றர் நீளமான கொங்கிறீற்றுக் கால்வாய் இரு அரசுகளின் சமபங்குச் செலவில் வெட்டப்பட்டது; 1968 டிசெம்பரில் ஆறு அதனுள் திருப்பப்பட்டது. கொண்டதும் கொடுத்ததும் போக மெக்சிக்கோவுக்குக் கிடைத்தது ஏறத்தாழ 437 ஏக்கர்.

வலிய அரசொன்று எளிய அயலாருக்கு நிலத்தைத் திருப்பிக் கொடுத்தமை வரலாற்றில் அரிது. அதனைப் பாராட்டலாம். ஆனால் அந்நிலம் வெறும் நிலமாயிருக்கவில்லை. அதில் வாழ்ந்த ஏறத்தாழ 5,600 பேர் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. அவர்களுட் பெரும்பாலோர் மெக்சிக்க வழிவந்த அமெரிக்கர். வீடுகளுக்கு விலை கொடுக்கப்பட்டது. எவர் குடியுரிமையும் பறிக்கப்படவில்லை. ஆனால் அயலும் உறவும் சூழ வாழ்ந்த குடியிருப்புக்கு விலைமதிப்பார் யார்? இரு அரசுகளுக்கிடையிலான நீதிக்கு அவர்களே தங்கள் வீடுகளால் விலை கொடுத்தனர்; உடன்படிக்கை மேசையில் அவர்களுக்கு இருக்கை இருந்ததில்லை.

1970ஆம் ஆண்டு உடன்படிக்கையில், இனி ஆறு பெயர்ந்தாற் செய்யவேண்டியன முன்கூட்டியே வகுக்கப்பட்டன. இது அறிவுடைச் செயலே. வெள்ளத்தின்பின் வழக்காடுவதிலும் வெள்ளத்தின்முன் விதி செய்வது மேலானது. அவ்விதியை வகுக்குமிடத்திற் கரையில் வாழ்வோரையும் அமர்த்தும்போதே எல்லை நிருவாகம் முழுமைபெறும். இன்று சாமிசாலின் இருகரையிலும் பூங்காக்கள் உள்ளன. இரு நாட்டு நட்பின் சின்னமாக அவற்றைக் காட்டுவோர், அங்கிருந்து பெயர்ந்த குடும்பங்களையும் சேர்த்தே அவ்வரலாற்றைச் சொல்லவேண்டும்.