வாத்தியார் மாறினால் ராஜபார்ட் என்ன ஆவான்?

நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கியபோது ஐம்பது வயதைக் கடந்திருந்தார். எழுதிய பாடத்தை மதிக்காமல் மேடையில் வாய்க்கு வந்ததைப் பேசும் பெரிய நடிகர்களோடு போராடிச் சலித்தவர். கொடுத்த பாடத்தைக் கொடுத்தபடி ஒப்பிக்கும் சிறுவர்களே தம் நாடகங்களைக் காப்பாற்றுவார்கள் என்று நம்பினார். அப்படி வளர்ந்த பாய்ஸ் கம்பெனிகள் என்ற சிறுவர் நாடகக் குழுக்களில் பையன்கள் கம்பெனி மாறுவார்கள். நாடகம் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார் விலகுவார், அல்லது இறந்துபோவார். ஒருவரிடம் பேர் வாங்கிய ராஜபார்ட், அதாவது கதாநாயக வேஷக்காரன், அடுத்தவரிடம் எடுபடுவானா என்பதில் ஒரு கம்பெனியின் பிழைப்பே அடங்கியிருந்தது. பழைய மேடையில் வாங்கிய கைதட்டலை வைத்து இதற்கு விடை காண முடியாது என்பதே என் வாதம். பழைய வாத்தியார் அவன் நாவிலும் உடம்பிலும் எதைப் படியவைத்தார், புது வாத்தியாரின் நாடகம் அதில் எதைக் கேட்கிறது என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஓரளவு சொல்லலாம்.

தி.க. சண்முகம் ஆறு வயதில் அண்ணன் தம்பிகளோடு சுவாமிகளிடம் வந்து சேர்ந்தவர். அங்கே எல்லாம் பாட்டும் விருத்தமும் செய்யுள் நடை வசனமும்தான். 1922-இல் சுவாமிகள் மறைந்தார். 1925-இல் சகோதரர்கள் சொந்தமாக ஸ்ரீ பால சண்முகானந்த சபையைத் தொடங்கினார்கள். பிறகு அங்கே வாத்தியாராக வந்த எம். கந்தசாமி முதலியார் கொண்டுவந்தது வேறு உலகம்: ஜே.ஆர். ரங்கராஜுவின் துப்பறியும் நாவல்களிலிருந்து உருவான ‘ராஜாம்பாள்’, ‘சந்திரகாந்தா’ போன்ற சமூக நாடகங்கள். புராண வேஷத்தில் வளர்ந்த பையன்கள் கோட்டும் தலைப்பாகையுமாக அன்றாடப் பேச்சைப் பேச வேண்டியிருந்தது. பழைய பெயரை மட்டும் வைத்துக் கணித்தவர் இவர்கள் தோற்பார்கள் என்றுதான் சொல்லியிருப்பார். நடந்தது வேறு. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவலான ‘மேனகா’வை நாடகமாக நடத்தி, 1935-இல் படமாகவும் நடித்தார்கள். நீண்ட செய்யுளைப் பதம் சிதையாமல் சொல்லப் பழகிய நாவுக்கு நீண்ட வசனம் பாரமாக இருக்கவில்லை. பாட்டு குறைந்தாலும் பாடம் கைவிடவில்லை.

பி.யு. சின்னப்பாவின் கதை இதற்கு நேர்மாறானது. அதே மீனலோசனி சபையில் அவருக்குக் கிடைத்தவை சிறு வேஷங்களே, முன்வரிசை சண்முகம் சகோதரர்களுடையது. மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனிக்கு மாறிய பிறகுதான் அவர் ராஜபார்ட் ஆனார். மீனலோசனியில் அவர் வாங்கிய பெயரைக் கொண்டு யாரும் இதைக் கணித்திருக்க முடியாது. குரல் அங்கேயும் இருந்தது. அதைக் கேட்கும் இடம்தான் இல்லை.

இதெல்லாம் வயதின் மாற்றம், வாத்தியாருக்கு இதில் என்ன பங்கு என்று கேட்கலாம். பருவ வயதில் மகரக்கட்டு உடைந்து குரல் மாறினால் எந்த வாத்தியாரும் குரலைத் திருப்பித் தர முடியாது என்பது உண்மை. சின்னப்பாவுக்கும் குரல் உடைந்தது. கம்பெனியை விட்டு வெளியேறினார். ஆனால் சங்கீதத்தையும் தேகப்பயிற்சியையும் விடாமல் கற்று, 1936-இல் ‘சந்திரகாந்தா’ படத்திலும் 1940-இல் ‘உத்தம புத்திர’னிலும் திரும்பி வந்தார். வயது குரலை எடுத்துக்கொண்டது, பயிற்சியை எடுக்கவில்லை. இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது: ஜெயித்தவர்களின் பெயர்களே நமக்குத் தெரிகின்றன, குரல் உடைந்ததும் ஊர் திரும்பிய பையன்களை யாரும் எழுதிவைக்கவில்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆகவே பயிற்சி இருந்தால் வெற்றி நிச்சயம் என்று நான் சொல்லவில்லை. பழைய வெற்றி தனியாக நின்று எதையும் உறுதி செய்யாது என்று மட்டுமே சொல்கிறேன்.

வாத்தியாரே இல்லாத மேடையும் இதைச் சொல்கிறது. மதுரையைச் சுற்றியுள்ள கிராமத் திருவிழாக்களில் இன்றும் நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும் கதாநாயகியான ஸ்திரீபார்ட் வேறு ஊரிலிருந்தும் தனித்தனியாக வந்து, ஒத்திகை இல்லாமலே விடிய விடிய சுவாமிகளின் ‘வள்ளி திருமணம்’ நடத்துகிறார்கள். அங்கே எல்லோருக்கும் பொதுவான பாடமே வாத்தியார். முருகன் என்ன பாடுவான், வள்ளி எங்கே தர்க்கத்துக்கு நிற்பாள் என்பது இருவருக்கும் முன்பே தெரியும். அதனால் நடிகரை ஏற்பாடு செய்பவர் துணிந்து முன்பணம் கொடுக்கலாம். கந்தசாமி முதலியாரின் நாடகங்களுக்கு ஒத்திகையும் கூடவே வாழும் குழுவும் தேவைப்பட்டன. கம்பெனிகள் கலைந்ததும் அவை மேடையை விட்டுப் போயின, சுவாமிகளின் நாடகங்கள் கோயில் வாசல்களில் தங்கிவிட்டன.