டாக்டர் வருகிற வரையில்

பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில், சாயங்கால நெரிசலில், ஒரு 108 வண்டி அலறிக்கொண்டு வந்தது. பஸ் ஒதுங்கிற்று. ஆட்டோ ஒதுங்குவதுபோல் பாவனை செய்தது. கண்ணாடிக்கு அப்பால் சீருடை அணிந்த இளைஞன் ஒருவன் படுத்திருந்தவருடைய முகத்தின்மேல் குனிந்திருந்தான். “பரவாயில்லை, உள்ளேயே டாக்டர் இருக்கார்” என்றார், என் பக்கத்தில் நின்ற பெரியவர்.

அவன் டாக்டர் அல்ல. மருத்துவ உதவியாளன். நர்ஸிங்கோ, லாப் டெக்னிஷியன் படிப்போ, உயிரியலில் ஒரு பட்டமோ முடித்துவிட்டு, அதற்கு மேல் சில வாரப் பயிற்சி பெற்று வண்டியில் ஏறியவன். ஓட்டுகிறவருக்கு அந்த வண்டியில் ‘பைலட்’ என்று பெயர். வண்டி புதிது. ஆனால் இந்த மனிதன், டாக்டருக்கும் நோயாளிக்கும் நடுவே நிற்கிற இந்த மூன்றாவது ஆள், பூவிருந்தவல்லிக்குப் புதியவன் அல்ல.

கம்பெனி காலத்திலும் அதன் பிறகும் இங்கே ஒரு வெள்ளைப் பட்டாளத் தங்குமிடம் இருந்தது. சீமையிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய சிப்பாய்களை இங்கே கொண்டுவந்து வைப்பார்கள். சீக்காளியாகி ஊர் திரும்பவேண்டியவர்களும் கப்பலுக்காக இங்கேதான் காத்துக் கிடப்பார்கள். அத்தனை சிப்பாய்களுக்கு எத்தனை சர்ஜன்கள் வந்துவிட முடியும்? புண்ணைக் கழுவவும், கட்டுப் போடவும், மருந்து கலக்கவும் கீழ்க் கைகள் வேண்டியிருந்தன. சென்னை ராஜதானியில் 1812-லேயே இதற்கென்று ஒரு கீழ்நிலை மருத்துவ இலாகா ஏற்பட்டது. அதில் வேலை பார்த்த நம்மவருக்கு ‘டிரெஸர்’ என்று பெயர். 1835 பிப்ரவரி 2-ஆம் தேதி சென்னையில் திறந்த மருத்துவப் பள்ளிக்கூடமும் முதலில் இப்படிப்பட்ட உதவியாளர்களைத் தயார் செய்யத்தான் வந்தது. பதினைந்து வருஷம் கழித்து, 1850-ல், அதற்குக் காலேஜ் என்ற அந்தஸ்து கிடைத்தது. அதாவது நம் ஊரில் பெரிய டாக்டர்களை உண்டாக்கிய கல்லூரி, உதவியாளர் பள்ளிக்கூடத்தின் வயிற்றில் பிறந்த குழந்தை! இதை யாரும் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில்லை.

டிரெஸருக்கும் அவருடைய ஒன்றுவிட்ட சகோதரரான கம்பவுண்டருக்கும் நம் கிராமங்களில் கிடைத்த மரியாதை வேறு விஷயம். சீசாவில் காகிதத்தை வெட்டி ஒட்டி, ஒரு வேளைக்கு இவ்வளவு என்று குறித்துக் கொடுக்கும் கம்பவுண்டரை ஜனங்கள் ‘டாக்டர்’ என்றே அழைத்தார்கள். அவரும் மறுக்கவில்லை.

ஆனால் இவர்களுக்கு வைத்தியம் எவ்வளவு தெரியலாம் என்பதற்கு எப்போதும் ஒரு கோடு இருந்தது. செய்யத் தெரிந்தால் போதும், ஏன் என்று கேட்க வேண்டாம். இந்தக் கோடு எவ்வளவு உயிரைக் குடித்தது என்பது பின்னால்தான் தெரிந்தது.

1960-களில் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை வந்தது. அம்பத்தூரில் தொழிற்பேட்டை வந்தது. வயல்களாக இருந்த இடத்தில் லேத்தும் பிரஸ்ஸும் ஓட ஆரம்பித்தன. விரல்களும் போக ஆரம்பித்தன. 1948-ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டம் இதை எதிர்பார்த்துத்தான் இருந்தது. 150 தொழிலாளிகளுக்கு ஒரு முதலுதவிப் பெட்டி. அதற்குப் பொறுப்பாக முதலுதவிச் சான்றிதழ் பெற்ற ஓர் ஆள். அவர் வேலை நேரம் முழுவதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். 500 பேருக்கு மேல் என்றால் தனியாக ஓர் ஆம்புலன்ஸ் அறை. நல்ல சட்டம். நான் ஒரு சமயம் அந்தப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றுக்குப் போயிருந்தேன். பெயர் வேண்டாம். சுவரில் பெட்டி இருந்தது. சிவப்புச் சிலுவை பளிச்சென்று இருந்தது. பூட்டும் இருந்தது. சாவி? “அவர் டீ குடிக்கப் போயிருக்கார், சார்.”

பெட்டி திறந்திருந்தாலும், உள்ளே இருந்த அறிவு சரியானதுதானா? இந்தச் சரித்திரத்தில் என்னைத் தூங்கவிடாமல் செய்த கேள்வி இதுதான்.

செம்பரம்பாக்கம் ஏரியில் ஒருவன் மூழ்கிவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். கரையில் இழுத்துப் போட்டாயிற்று. ஷேஃபர் என்ற ஆங்கிலப் பேராசிரியர் 1903-ல் ஒரு முறை சொன்னார்: குப்புறப் படுக்கவைத்து முதுகை அமுக்கு. 1932-ல் ஹோல்கர் நீல்ஸன் என்ற டென்மார்க்குக்காரர் அதைத் திருத்தினார்: முதுகை அமுக்கு, பிறகு கைகளைத் தூக்கு. முதலுதவிப் புத்தகங்கள் இவற்றைப் படம் போட்டுக் கற்பித்தன. லட்சக்கணக்கான பேர் பரீட்சை எழுதித் தேறினார்கள்.

1950-களின் கடைசியில் அமெரிக்காவிலே பால்டிமோர் நகரத்தில் பீட்டர் ஸாஃபர் என்ற மயக்கமருந்து டாக்டர் ஒரு காரியம் செய்தார். தாமாக முன்வந்த சிலருக்கு மருந்து கொடுத்து, மூச்சு விடும் தசைகள் இயங்காதபடி செய்துவிட்டு, பழைய முறைகளையும் வாயோடு வாய் வைத்து ஊதுவதையும் ஒப்பிட்டுப் பார்த்தார். கேட்கவே குலை நடுங்குகிறது. முதுகை அமுக்கும் முறையில் காற்று சரியாக உள்ளே போகவே இல்லை! பிரக்ஞை இல்லாதவனுடைய நாக்கு சரிந்து தொண்டையை அடைத்துக்கொள்கிறது. தலையைப் பின்னால் சாய்த்து, மோவாயைத் தூக்கினாலே வழி திறந்துவிடுகிறது. பிறகு ஊதினால் மார்பு எழும்புகிறது. ஊதுகிறவன் டாக்டராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அதே பால்டிமோரில் 1960-ல் இன்னொரு குழுவினர், நின்றுபோன இதயத்துக்காக மார்பைப் பிளக்க வேண்டாம், இரண்டு உள்ளங்கைகளால் வெளியிலிருந்தே அமுக்கினால் போதும் என்று காட்டினார்கள்.

அரை நூற்றாண்டாக, எத்தனை கரைகளில், எத்தனை நல்ல மனிதர்கள் எத்தனை முதுகுகளை அமுக்கியிருப்பார்கள்! அவர்கள் பேரில் குற்றமில்லை. சொல்லிக் கொடுத்ததைச் செய்தார்கள்.

பாம்புக்கடிக்கும் இதே கதிதான். இறுக்கிக் கட்டு, கீறிவிடு, உறிஞ்சு என்று நம் பாட்டிமார் மட்டும் சொல்லவில்லை. அச்சடித்த புத்தகங்களும் சொல்லின. இன்று கட்டாதே, கீறாதே, கடிபட்ட காலை அசையாமல் வைத்து ஆஸ்பத்திரிக்கு ஓடு என்கிறார்கள். மருத்துவ உதவியாளன் புதிதாகக் கற்பதைவிட மறக்க வேண்டியதுதான் அதிகமோ என்று சில சமயம் தோன்றுகிறது. வலிப்பு வந்தவன் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கிற ஊரில் வளர்ந்தவன் அல்லவா அவன்?

ஸாஃபர் அத்தோடு நிற்கவில்லை. 1966-ல் அவருடைய மகள் எலிஸபெத் ஆஸ்துமாவால் இறந்துபோனாள். மறு வருஷம் பிட்ஸ்பர்க் நகரத்தில், ஆஸ்பத்திரிக்கு ஆளைத் தூக்கிப்போகப் போலீஸ் வண்டியையே நம்பியிருந்த நீக்ரோ மக்களின் பேட்டையில், வேலை கிடைக்காத கறுப்பு இளைஞர்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்து, ‘ஃப்ரீடம் ஹவுஸ்’ என்ற ஆம்புலன்ஸ் ஆரம்பமாவதற்கு அவர் முன்னின்றார். எப்படி என்பதோடு ஏன் என்பதையும் அவர்களுக்குக் கற்பித்தார்கள். அந்தப் பையன்கள் அபாரமாக வேலை செய்தார்கள். 1975-ல் நகரசபை சொந்தமாக ஆம்புலன்ஸ் வைத்துக்கொண்டு அதை மூடிவிட்டது. முன்னோடிகளில் பலருக்குப் புதிய வண்டியில் இடம் நிலைக்கவில்லை.

ஹைதராபாத்தில் 2005 ஆகஸ்ட் 15-ல் தொடங்கிய 108, தமிழ்நாட்டுக்கு 2008 செப்டம்பர் 15-ல் வந்தது. விபத்துக்குத்தான் இந்த வண்டி என்று நாம் எண்ணுகிறோம். கூப்பிடுகிறவர்களில் மிகப் பெரிய பங்கு பிரசவ வேதனைக்காரிகள். ஆவடிக்கு அப்பால் ஏதோ ஒரு மண் ரோட்டில் வண்டி குலுங்கும்போது, அந்த இளைஞன் தொப்புள்கொடிக்கு எங்கே கவ்வி போடுவது என்று யோசித்துக்கொண்டிருக்க முடியாது. கைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கைக்குத் தெரிவதற்காகத்தான் ஒரு பொம்மை இருக்கிறது. ஸாஃபரின் முறையைப் பழகுவதற்காக நார்வேயில் லார்டால் என்ற பொம்மை வியாபாரி 1960-ல் செய்தது. அதற்கு ஒரு பெண்ணின் முகம். பாரிஸ் நகரத்தில், ஸெய்ன் நதியில் மூழ்கி இறந்ததாகச் சொல்லப்படும், பெயர் தெரியாத ஒரு பெண்ணின் முக அச்சிலிருந்து எடுத்ததாம் அது. லேசாகப் புன்னகை செய்கிற முகம். உலகமெங்கும் பயிற்சிக்கு வருகிறவர்கள் ஒருவர் பின் ஒருவராக அவள் பக்கத்தில் மண்டியிடுகிறார்கள். ஊதுவதற்கு முன்னால், அமுக்குவதற்கு முன்னால், தோளைத் தட்டிக் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பது முதல் பாடம். நம் பையன்களும் தட்டிக் கூப்பிடுகிறார்கள்: “அம்மா, அம்மா! நான் பேசறது கேக்குதா?”